காம்பு நீளமா இருக்கு, அக்கா

ஜனவரி 12

என் செல்ல அக்காவுக்கு,

வாலு எழுதுறேன். நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். அம்மாவோட முட்டி மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்னாடியே செய்தி வாசிக்குது. உன் உடம்பு எப்படி, சாப்பாடு ஒத்துக்குதா, தூக்கம் வருதா? மூணுக்கும் தனித்தனியா பதில் வேணும், மொத்தமா "நல்லா இருக்கேன்"னு எழுதி ஏமாத்தாத.

நான் பொறந்ததுல இருந்து யாருக்கும் லெட்டர் போட்டதில்ல. ஸ்டாம்ப் எந்த மூலையில ஒட்டணும்னு வீடியோ பாத்துதான் கத்துக்கிட்டேன். ஓட்டல்ல வேலைக்குச் சேந்தா போன வாங்கி பெட்டியில வச்சுப் பூட்டுவாங்கன்னு யாருக்குத் தெரியும். அன்னிக்கு வேன் டிரைவர் போன்ல பேசினியே, "சலவைப் பிரிவுன்னு போட்டு லெட்டர் எழுது, வந்துடும்"னு சொல்லிட்டு வச்சுட்ட. நான் ஹலோவே இன்னும் முடிக்கல.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வரேன். செடி எப்படி இருக்கு? பஸ் கிளம்பும்போது உன் மடியில திணிச்சேனே, டப்பால வல்லாரை. "துணிக்கே இடமில்ல, இவ களையத் தூக்கிட்டு வர்றா"ன்னு திட்டின. திட்டு, ஆனா தூக்கிப் போட்டுடாத. நம்ம குழாயடியில யாரும் நடாம தானா வந்ததுக்கா அது. கொடி ஓடும், கணு மண்ணத் தொட்டா அங்க வேர், அங்கயே இலை, அங்கிருந்து அடுத்த கொடி. போன வருஷம் உள்ளங்கை அளவு இருந்துச்சு, இப்ப சுவரத் தாண்டியாச்சு. பக்கத்து வீட்டு மாமா நேத்து வந்து, "உங்க செடி எங்க வீட்டுக்கு வாடகை இல்லாம குடி வந்துருச்சு, காலி பண்ணச் சொல்லு"ன்னார். பிடுங்கிப் பாருங்க மாமா, ஒரு கணு உள்ள நின்னா மறுபடி வரும்னேன். அம்மா என் மண்டையில ஒண்ணு வச்சாங்க.

அதுக்கு வேணும்கிறது காயாத மண்ணும் வெளிச்சமும்தான். உரம் கிரம் ஒண்ணும் வேணாம். ஒவ்வொரு லெட்டர்லயும் ஒரு இலைய காம்போட பறிச்சு காகிதத்துக்குள்ள அழுத்தி அனுப்பு. நான் ரெக்கார்ட் வைக்கப் போறேன். போன்ல இருக்கற எங்க களைச்செடிக் குரூப்ல எல்லாரும் வச்சிருக்காங்க.

கடையில எனக்கு இன்னும் போனுக்கு கண்ணாடி ஒட்டற வேலைதான். நேத்து ஒண்ணு குமிழே இல்லாம ஒட்டினேன். பாராட்ட நீ இல்ல.

உன் பதிலுக்காக வாசலையே பாத்துட்டு,
வாலு

ஜனவரி 30

அன்பு வாலுக்கு,

அக்கா எழுதறது. உடம்புக்கு ஒண்ணும் இல்ல. சாப்பாடு ஒத்துக்குது. தூக்கம் படுத்தா வருது. மூணும் தனியா சொல்லிட்டேன், போதுமா? அம்மாவ முட்டிக்கு எண்ணெய் தேய்க்காம விடாத.

வேலை பழகிடுச்சு. ஓட்டல் விரிப்பு, தலகாணி உறை, துண்டு எல்லாம் வரும். துவைச்சு, சூடான உருளை மெஷின்ல விட்டு இஸ்திரி போட்டு, மடிச்சு அனுப்பணும். விரிப்ப ரெண்டு பேர் பிடிச்சு மடிக்கணும், எனக்கு ஜோடியா ஒருத்தி இருக்கா, குட்டையா இருப்பா, அதனால எங்க மடிப்பு ஒரு பக்கம் சாயும். வேன் டிரைவர எல்லாரும் மூட்டைன்னு கூப்பிடறாங்க. அவர்தான் லெட்டர கொண்டுபோய் பெட்டியில போடுறார், நல்ல மனுஷன்.

ரூம் மாடியில. ஜன்னல் இருக்கு. ரோடு தெரியும், ஒரு மரம் தெரியும். அம்மாவுக்கு இத சத்தமா படிச்சுக் காட்டு.

உன் களைய ஒரு டீ கிளாஸுக்கு மாத்தி வச்சிருக்கேன். இலை ஒண்ணு உள்ள இருக்கு.

அக்கா

பிப்ரவரி 16

அன்பு அக்கா,

இங்க எல்லாரும் நலம். லெட்டர அம்மாவுக்கு படிச்சேன், ஜன்னல் வர்ற இடத்த மட்டும் ரெண்டாவது தடவ படிக்கச் சொன்னாங்க. அப்புறம் தையல் மெஷின்கிட்ட போய் சும்மா உக்காந்துட்டாங்க. நல்ல சும்மா அது, அழுகை சும்மா இல்ல.

இலை வந்துச்சு. நம்ம குழாயடி இலை மாதிரியே இருக்கு, குட்டைக் காம்பு, தட்டையா, நல்ல கரும்பச்சை. பாஸ்.

இப்ப நாற்காலிய பிடிச்சுக்கோ. உங்க சூப்பர்வைசர் நம்ம அம்மாவுக்கு போன் பண்ணினார். "உங்க பெரிய பொண்ணு தங்கம், அதே மாதிரி இன்னொரு பொண்ணு இருக்காமே, அனுப்புங்க"ன்னார். நான் பின்னாடி நின்னு கேட்டுட்டு மிதந்துட்டேன். ஏப்ரலுக்குள்ள வரலாமாம். நீயும் நானும் ஒரே ரூம், ஒரே ஜன்னல். நான் மடிப்பேன், எனக்கும் குட்டை உயரம்தான், உன் ஜோடிய விட கொஞ்சம் கூடத்தான் இருப்பேன். சீக்கிரம் எழுது, என்னென்ன எடுத்துட்டு வரணும்?

பெட்டிய இறக்கி தூசி தட்டிட்டேன்,
வாலு

பிப்ரவரி 27

வாலு,

நலம். அங்கயும் நலமா இருக்கணும்.

வராத. நீ வாய் ஓயாம பேசுவ, இங்க பேசக்கூடாது. உன்னால பத்து நாள் தாங்க முடியாது. கடை வேலையப் பாரு, கண்ணாடி குமிழ் இல்லாம ஒட்டறதும் வேலைதான்.

அம்மாகிட்ட நான் சொன்னதா சொல்லு.

அக்கா

மார்ச் 9

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீங்க மட்டும் மாடி ரூம்ல ஜன்னல் வச்சுக்கிட்டு மரம் பாப்பீங்க, நான் இங்க மத்தவங்க போனுக்கு கண்ணாடி ஒட்டணும். புரிஞ்சுது. என்ன பாத்தா உங்களுக்கு வெக்கமா இருக்குன்னும் புரிஞ்சுது. சின்ன வயசுல ஸ்கூல் வாசல்ல உங்க பிரெண்ட்ஸ் முன்னாடி என் கைய விட்டுட்டீங்க இல்ல, அதே கை.

செடிய பத்தி எழுதலன்னாலும் பரவாயில்ல.

இப்படிக்கு

ஏப்ரல் 14

என் தங்கச்சிக்கு,

உடம்பு எப்படி இருக்கு? அம்மா எப்படி? பதில் போட லேட் ஆயிடுச்சு. கை கொஞ்சம் வெந்திருந்துச்சு, உருளை மெஷின்ல சூடு அதிகம். இப்ப ஆறிடுச்சு, அம்மாகிட்ட சொல்லாத. இந்த வரிய படிக்காம தாண்டிடு.

அந்தக் கைய பத்தி எழுதியிருந்த. அன்னிக்கு விட்டது நெஜம்தான். வெக்கத்துல விட்டேன், உண்மை. ஆனா இப்ப வேணாம்னு சொல்றது வெக்கத்துல இல்ல, அத மட்டும் நம்பு.

உனக்கு சந்தோஷமா ஒண்ணு சொல்றேன். உன் செடி என்ன உயரம் தெரியுமா? கிளாஸ தாண்டி எந்திரிச்சு நிக்குது. நம்ம வீட்டுல தரையோட தரையா கிடந்தது, இங்க வந்து வளந்துடுச்சு. ஜோடி கூட சொன்னா, "பாரு, இதுக்கு இந்த ஊரு ஒத்துக்கிச்சு"ன்னு. இடம் நல்லா இருந்தாத்தானே செடி உயரும்? அதுல இருந்தே தெரிஞ்சுக்கோ, நான் இங்க எப்படி இருக்கேன்னு. பெருசா ஒரு இலை பறிச்சு வச்சிருக்கேன்.

கோவத்த விடு.

அக்கா

ஏப்ரல் 25

அக்கா,

கோவம் போயிடுச்சு, கை எப்படி இருக்கு? நிஜமா ஆறிடுச்சா? அந்த வரிய தாண்டித்தான் படிச்சேன், என் முகத்த பாத்து அம்மா "என்னடி"ன்னாங்க, தும்மல் வந்துச்சுன்னு சமாளிச்சேன்.

ஆனா இலைய பாத்து எனக்கு தும்மல் நெஜமாவே நின்னுடுச்சு. அக்கா, இது வளர்ச்சி இல்ல. காம்பு என் சுண்டு விரல ரெண்டு தடவ தாண்டுது, நூல் மாதிரி இருக்கு. இலை சின்னது, வெளுத்திருக்கு. வல்லாரை வெளிச்சத்துல இருந்தா குட்டையா தரைய ஒட்டிக்கிட்டுதான் இருக்கும், அதுக்கு எந்திரிச்சு நிக்க வேண்டிய அவசியமே இல்ல. வெளிச்சம் பத்தலன்னாத்தான் காம்ப நீட்டி நீட்டி மேல எங்கயாவது இருக்கான்னு தேடும். கையில இருக்கிற சத்த எல்லாம் தேடறதுக்கே செலவு பண்ணிடும். இலைக்கு ஒண்ணும் மிஞ்சாது. பாக்கறவங்க உயரத்த பாத்து நல்லா இருக்குன்னு நெனைப்பாங்க.

நீ கிளாஸ கட்டிலுக்கு அடியில வச்சுட்ட, அதானே? சோம்பேறி. எடுத்து ஜன்னல்ல வை. ரோட்டுப் பக்கம், மரம் தெரியற ஜன்னல்ல. பத்து நாள்ல புது இலை குட்டைக் காம்போட வரும். வந்ததும் அனுப்பு. தண்ணி கொஞ்சமா ஊத்து.

டாக்டர் வாலு

மே 11

அன்பு வாலுக்கு,

கை ஆறிடுச்சு. எல்லாரும் நலம்னு நம்பறேன்.

நீ சொன்ன மாதிரி ஜன்னல்ல வச்சுட்டேன். இலை உள்ள இருக்கு.

சூப்பர்வைசர் திரும்ப வீட்டுக்கு போன் பண்ணினாரா? பண்ணினா அம்மாவ முடியாதுன்னு சொல்லச் சொல்லு.

அக்கா

ஜூன் 6

அக்காவுக்கு,

இந்த லெட்டர அம்மாவுக்கு படிச்சுக் காட்டல. கடையில உக்காந்து எழுதறேன். பதில கடை அட்ரஸுக்கு போடு, கவர் பின்னாடி எழுதியிருக்கேன். ஓனர் அண்ணன் பிரிக்க மாட்டார், அவருக்கு பில்லு படிக்கவே சோம்பல்.

அம்மா நல்லா இருக்காங்க. நான் நல்லா இல்ல.

நீ அனுப்பின ஜன்னல் இலை இன்னும் நீளமா இருந்துச்சு. குரூப்ல போட்டேன். ஒருத்தர் நிலவறையில வளத்ததான்னு கேட்டார். நான் அவர்கிட்ட சண்டைக்குப் போனேன், எங்க அக்கா ரூம்ல பெரிய ஜன்னல் இருக்கு தெரியுமா, தெரியாம பேசாதீங்கன்னு. எல்லாரும் பாக்க சண்டை. அப்புறம் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அதனால நானே வச்சுப் பாத்தேன். நம்ம கொடியில மூணு துண்டு. ஒண்ணு நம்ம ரூம் ஜன்னல்ல. ஒண்ணு அம்மா மெஷினுக்கு பின்னாடி, ஜன்னல விட்டுத் தள்ளி. மூணாவத கடைக்குப் பின்னாடி ஸ்டோர் ரூம்ல, வெறும் டியூப் லைட்டுக்குக் கீழ. ஸ்டோர்ல காத்தும் கிடையாது உனக்கே தெரியும், அட்டைப்பெட்டி வாடை. தண்ணி மூணுக்கும் ஒரே அளவு. நேத்து மூணுலயும் புது இலை பறிச்சு உன் இலைக்குப் பக்கத்துல வச்சேன்.

ஜன்னல் இலை ஒத்துப் போகல. மெஷினுக்குப் பின்னாடி இருந்ததும் ஒத்துப் போகல. ஸ்டோர் ரூம் இலையும் உன் இலையும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு.

எனக்கு கண்ணாடி ஒட்டவே வரல இன்னிக்கு. மூணு போன்ல குமிழு.

அக்கா, உன் ரூம்ல ஜன்னல் இருக்கா?

சூப்பர்வைசர் பேசினார். அடுத்த மாசம் அனுப்பறேன்னு அம்மா சொல்லிட்டாங்க. பெட்டி கட்டிலுக்கு மேல இருக்கு. நீ எதையும் சொல்லலன்னா நான் நேர்லயே வந்து ஜன்னல தேடிக்கறேன்.

வாலு

ஜூன் 17

வாலு,

ஜன்னல் இல்ல.

எல்லாம் கட்டடத்துக்குக் கீழ. மெஷினும் அங்கதான், எங்க கட்டிலும் அங்கதான், நடுவுல ஒரு மறைப்பு. வேன் வர்ற ஷட்டர் மட்டும் காலையில கொஞ்ச நேரம் தொறக்கும். அப்ப ஒரு முழத்துக்கு வெயில் உள்ள வந்து விழும். ஜோடியும் நானும் மாத்தி மாத்தி அந்த எடத்துல நின்னு மடிப்போம். அதுக்குள்ள கத்துவாங்க. நான் எழுதின ரோடும் மரமும் மூட்டை அண்ணன் சொன்னது. வெளிய என்ன இருக்குன்னு அவர கேட்டேன், அவர் சொன்னத அப்படியே எழுதிட்டேன்.

அம்மாவுக்கு படிச்சுக் காட்டற லெட்டர்ல இத எப்படி எழுதுவேன்? போகாதன்னு அவங்க எவ்வளவு சொன்னாங்க. பிடிவாதம் பிடிச்சு வந்தது நான்.

பிப்ரவரியில சூப்பர்வைசர் என்ன கூப்பிட்டு, "உன் தங்கச்சி வந்துட்டா கீழ அவ பாத்துக்கட்டும், உன்ன மேல மாடிக்கு மாத்தறேன், துண்டு அடுக்கற வேலை, ஜன்னல் இருக்கு"ன்னார். நீ வேலைய விட்டு நின்னா இன்னும் ஈஸி, கட்டில் காலியாகும், தங்கச்சிய அனுப்புன்னார். அவருக்கு நம்ம வீட்டு நம்பர் தெரியும். என் லெட்டர நம்பி அம்மா சரின்னுடுவாங்க, நீ குதிச்சுக்கிட்டு வருவ. நான் இந்தக் கட்டில்ல படுத்திருக்கற வரைக்கும் நீ இதுல படுக்க முடியாது இல்ல? அப்படித்தான் கணக்கு போட்டேன். மக்கு கணக்குதான். ஆனா எனக்கு வேற தோணல.

செடி உயரமா வந்தத பாத்து நான் நெஜமாவே சந்தோஷப்பட்டேன்டி. பொய் சொல்லணும்னு அனுப்பல. இதாவது இங்க நல்லா இருக்கேன்னு தோணுச்சு. நீ ஏப்ரல்ல எழுதின லெட்டர படிச்சுட்டு அத கைல எடுத்து பாத்தேன். அப்பத்தான் அதுவும் நல்லா இல்லன்னு எனக்கு தெரிஞ்சுது.

உன் கடைசி லெட்டர் வந்த மறுநாளே கிளாஸ மூட்டை அண்ணன் கிட்ட கொடுத்தேன். காலையில வேன் முன்னாடி கண்ணாடிகிட்ட வச்சு ஊர் சுத்த கூட்டிட்டுப் போறார், சாயங்காலம் திருப்பிக் கொடுக்கறார். நேத்து கிளாஸ கொடுக்கும்போது சொன்னார், "செடிய வெளிய கொண்டு போய் கொண்டு வரேன். முன் சீட்டுல எடம் காலியாத்தான் இருக்கு. நீ ஏம்மா ஏறக்கூடாது?" சிரிச்சுக்கிட்டுதான் கேட்டார். எனக்கு சிரிப்பு வரல.

உனக்கு எல்லாம் தெரிஞ்சாச்சு. இனிமே இந்தக் கட்டில நான் காவல் காக்க வேண்டியதில்ல. நீ வர மாட்ட இல்ல? அது ஒண்ணு போதும் எனக்கு.

நாளைக்கு ஷட்டர் தொறக்கும்போது முன் சீட்டுல ஏறப் போறேன். மூட்டைக்குள்ள ஒளிஞ்சு இல்ல, முன்னாடி உக்காந்து. யாராவது கேட்டா வேலைய விட்டுட்டேன்னு சொல்லுவேன். போன் அவங்ககிட்டயே இருக்கட்டும். ஜோடியையும் கூப்பிட்டேன், இப்ப வரலன்னா. கொடியில ஒரு கணுவ கிள்ளி அவகிட்ட கொடுத்துட்டேன். ஷட்டர் ஓரத்துல தண்ணி போற பள்ளம் இருக்கு, அங்க வைக்கறேன்னா.

நான் விட்ட கட்டில்ல வேற ஒருத்தி வீட்டுப் பொண்ணு வந்து படுப்பா. நீ இல்லன்னா யாரோ ஒருத்தி. இதுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல, உன் குரூப்ல கேளு.

இந்த லெட்டர் முதல்ல வருமா நான் முதல்ல வருவேனான்னு தெரியல.

அக்கா

ஜூன் 26

அக்கா,

உன் லெட்டர் இன்னிக்குத்தான் கடைக்கு வந்துச்சு. நீ வந்து ஆறு நாள் ஆச்சு. நீ உள்ள ரூம்ல தூங்கற, நான் வாசப்படியில உக்காந்து உன் லெட்டருக்குப் பின்னாடியே எழுதறேன். நேர்ல கேட்டா வாய் நிக்காது எனக்கு. உடம்பு எப்படின்னு மட்டும் கேக்கறேன், எந்திரிச்சதும் சொல்லு.

அன்னிக்கு வாசல்ல நீ கைய கண்ணுக்கு மேல வச்சுக்கிட்டு நின்னப்ப அம்மா கிளாஸ வாங்கி கீழ வச்சுட்டு உன் கைத் தழும்பத் தொட்டுப் பாத்தாங்க. நான்தான் பறந்தேன். செடிய நேரா குழாயடிக்கு கொண்டு போய் உச்சி வெயில்ல நட்டேன், வீட்டுக்கு வந்துட்டல்ல, இனிமே ஜாலிதான்னு. உன்னயும் கையப் பிடிச்சு இழுத்தேன், வா அக்கா வெயில்ல உக்காரலாம், எல்லாத்தையும் சொல்லுன்னு. நீ வந்து கொஞ்ச நேரம் உக்காந்த. அப்புறம் ஜன்னல் கதவச் சாத்திட்டு படுத்துட்ட. ஜன்னல் ஜன்னல்னு ஏங்கினவ ஏன் சாத்தறான்னு எனக்கு ஒரே கோவம்.

மறுநாள் பாத்தா உன் செடி இலை எல்லாம் வெளுத்துக் கருகிப் போச்சு. நம்ம பழைய கொடி பக்கத்துலயே ஜம்முனு இருக்கு, அதே மண்ணு, அதே தண்ணி. குரூப்ல கேட்டேன். முன்னாடி என்கூட சண்டை போட்ட அதே ஆள்தான் பதில் போட்டார். இருட்டுல இருந்தத ஒரேடியா வெயில்ல வைக்கக்கூடாதாம். முதல்ல நிழல். அப்புறம் காலை வெயில் கொஞ்சம். அப்புறம் இன்னும் கொஞ்சம். இருட்டுல வந்த இலை எப்படியும் வெயிலத் தாங்காது, அது போகட்டும். கணு உயிரோட இருந்தா புது இலை தானா வரும், அது வெளிச்சத்துக்குப் பழகின இலையா வரும், அவசரப்படாதீங்கன்னார். நான் அவர்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன்.

செடிய எடுத்து அம்மா மெஷினுக்குப் பின்னாடி வச்சிருக்கேன். உன் ஜன்னல் கதவ நான் தொறக்க மாட்டேன். நீ எப்ப தொறக்கறியோ அப்ப. அந்தக் கட்டில பத்தி, உன் ஜோடிய பத்தி, சூப்பர்வைசர பத்தி என்கிட்ட நிறைய யோசனை இருக்கு. குரூப்ல வக்கீல் ஒருத்தங்க கூட இருக்காங்க. அத நாம விடப் போறதில்ல. ஆனா இன்னிக்கு ஒண்ணும் கேக்கல. எதுவும் கேக்காதீங்கன்னு அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், பக்கத்து வீட்டு மாமாகிட்டயும் சொல்லிட்டேன். அவர் சுவரோரம் நின்னு மெதுவா, "பொண்ணு எப்படிம்மா"ன்னார். நிழல்ல இருக்கா மாமான்னேன். தலைய ஆட்டிட்டுப் போயிட்டார்.

கிளாஸுக்கு அடியில இத மடிச்சு வைக்கறேன். கருகின இலைய பறிச்சப்ப பாத்தேன், நடுக் கணுவுல ஊசி முனை அளவு ஒண்ணு எட்டிப் பாக்குது. காம்பு இன்னும் வரல. எவ்வளவு நீளம் வருதுன்னு நீ எந்திரிச்சப்புறம் சேந்து பாக்கலாம்.

வாசல்லதான் இருக்கேன்,
வாலு